பருவகால அழுக்கு

நோயை ஒழிக்க உலகத்தில் இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று மருந்து, மற்றது தீர்மானம். மருந்தை வாங்க வேண்டும், அளக்க வேண்டும், ஊசியில் ஏற்ற வேண்டும், முரண்டு பிடிக்கிற மாட்டின் பின்னால் ஓட வேண்டும். போதாததற்குப் பக்க விளைவுகள் வேறு. தீர்மானத்துக்கு ஒரு மேசை போதும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், தேநீர் கொண்டுவர ஒருவர் இருந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட நோயும் மாலைக்குள் ஒழிந்துவிடும். இந்தப் பேருண்மையை மனித குலத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் கால்நடை நல அலுவலகம்தான் என்பதைச் சரித்திரம் ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும்.

அந்த அலுவலக வாசலில் ஒரு பலகை உண்டு. நீலத்தில் வெள்ளை எழுத்து: "இது மழைச்சொறி அற்ற வட்டாரம்". போன கோடையில், சொட்டு மழையில்லாத ஒரு நல்ல நாளில் கூட்டம் கூட்டி, மழைச்சொறி ஒழிந்தது என்று ஒருமனதாகத் தீர்மானித்து அதை மாட்டினார்கள்.

மழைச்சொறி என்பது மாடுகளுக்குக் கிருமியால் வருகிற தோல் நோய். ஈரம்தான் அதற்குச் சாப்பாடு. முதலில் முதுகு முடியெல்லாம் பசை தடவினதுபோல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பொருக்குக் கட்டும். பொருக்கைப் பிய்த்தால் அடியில் பச்சைப் புண். ஈரத்தோடும் ஈயோடும் தேய்க்கிற பிரஷ்ஷோடும் ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும். மற்றபடி அதிகம் குறை சொல்ல முடியாத நோய். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும்தான் குறை. அதனால் பலகையைப் படிக்காமல், மழையோடு மழையாக ஊருக்குள் வந்துவிட்டது.

வந்ததும் வராததுமாக அது ஏறி உட்கார்ந்தது செவலை என்கிற பசுவின் முதுகில். செவலை, அந்த அலுவலகத்து மாட்டு டாக்டருடைய அக்காளின் பசு.

டாக்டர் அக்காள் வீட்டில்தான் இருந்தார். அக்காளின் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். சுமை எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போய்விட்டு, சுமை விட்டால் வீட்டுக்கு வருவார். வீடு நடப்பது செவலையின் பாலில். டாக்டருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது ஐயா என்று எல்லாரும் அழைக்கிற தலைமை அதிகாரியின் பேனா முனையில் ஒரு கையெழுத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேனாவை எண்ணித்தான் டாக்டர் தினமும் காலையில் தலை வாரிக்கொண்டார்.

டாக்டருக்கு விஷயம் தெரியாது என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். அக்காள் கேட்ட மாத்திரத்தில் சொன்னார்.

"மழைச்சொறிக்கா."

"அதைத்தான் ஒழிச்சாச்சுன்னு பலகை வச்சிருக்கீங்களே."

"அது ஆபீஸ்ல ஒழிச்சது."

"ஓ. ஆபீஸ்ல எத்தனை மாடு வச்சிருக்கீங்க?"

டாக்டர் பேச்சை மாற்றினார். வைத்தியத்தைச் சொன்னார். செவலையை ஈரத்திலிருந்து ஒதுக்கிக் காய வைக்க வேண்டும், பொருக்கைப் பதமாக எடுத்து எரித்துவிட வேண்டும், ஒரு மாட்டுக்குத் தொட்ட பிரஷ் இன்னொரு மாட்டுக்குப் போகக்கூடாது, கன்றுக்குட்டி பஞ்சுவைத் தாயின் முதுகை நக்க விடக்கூடாது, கூடவே சில நாள் ஊசி போட்டால் சரியாகிவிடும். ஒரு மூச்சில் சொன்னார். அடுப்படியில் டாக்டர் சிங்கம்.

"ஊசி எங்க இருக்கு?"

"அலமாரில."

"எடுத்துட்டு வாயேன்."

டாக்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்தச் சிங்கம் அலுவலகப் படி ஏறும்போது பிடரிமயிர் ஒவ்வொன்றாக உதிரும். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மிச்சமிருப்பது செருப்புச் சத்தம் கூடக் கேட்காத ஒரு பூனை. பூனைக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலிக்கு நேர் எதிரே அந்த இரும்பு அலமாரி. உள்ளே மழைச்சொறி மருந்து பாட்டில் பாட்டிலாக இருந்தது. நோய் ஒழிந்த அன்றே பூட்டில் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டார்கள். அலமாரிக் கதவில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. வேலை நேரம் முழுவதும் டாக்டர் அதில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வசதியாக இருந்தது.

வாராந்தரக் கூட்டம் வந்தது. டாக்டர் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு பசுவுக்கு முதுகுல ஒரு மாதிரி இருக்குங்க."

"ஒரு மாதிரின்னா?" என்றார் ஐயா. பஞ்சு மெத்தையில் விழுந்த பாத்திரம் போல அவருக்குச் சத்தமே வராத குரல்.

"முடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஒற்றுமை. நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்," என்றார் நிழல். தலைமை எழுத்தரைத்தான் அலுவலகத்தில் நிழல் என்பார்கள். ஐயா நின்றால் நிற்பார், நடந்தால் நடப்பார், உச்சி வேளையில் ஐயா கண் அயரும்போது மட்டும் சுருங்கி அவர் காலடியில் கிடப்பார்.

"அடியில புண் இருக்குங்கய்யா. அலமாரில இருக்கிற மருந்தைக் கொஞ்சம்..."

"எந்த நோய்க்கு?"

டாக்டர் சன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கிருந்து பலகையின் முதுகுதான் தெரிந்தது.

நிழல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "அலமாரில இருக்கிறது மழைச்சொறி மருந்து. அதை எடுக்கணும்னா மழைச்சொறி இருக்கணும். மழைச்சொறி இருந்தா நம்ம தீர்மானம் பொய்யாயிடும். நம்ம தீர்மானம் பொய்யாகாது. அதனால மழைச்சொறி இல்ல. இல்லாத நோய்க்கு மருந்து எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

வாயே இல்லாத பானை போன்ற வாதம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கை விட இடமில்லை.

"அப்ப மாட்டு முதுகுல இருக்கிறதுக்கு என்ன பேரு?" என்று ஐயா சபையைக் கேட்டார். சபை சிந்தித்தது. பண்டகக் காப்பாளர் "தோல் சோர்வு" என்றார். கணக்கர் "முதுகு வாட்டம்" என்றார். ஐயா இரண்டையும் கண்ணை மூடிச் சுவைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"மழை நேரம். எங்க பாத்தாலும் சேறு. முதுகுல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு. எங்க வீட்டுல இதை அழுக்குன்னு சொல்லுவோம்."

"பருவகால அழுக்கு," என்றது நிழல்.

மேசை தட்டப்பட்டது. ஒரு நோய்க்கு இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு குணம் வேறெந்த வட்டாரத்திலும் ஏற்பட்டதில்லை.

"டாக்டர், உங்க படிப்புப்படி அழுக்குக்கு என்ன வைத்தியம்?"

"குளிப்பாட்டணுங்கய்யா," என்றார் டாக்டர். அவர் பொய் சொல்லவில்லை. அழுக்குக்கு வைத்தியம் குளியல்தான். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. "ஆனா ஐயா, ஈரம்..."

"ஈரம் வேணும் டாக்டர். மனசுல ஈரம் இல்லாதவங்க இந்த வேலைக்கே வரக்கூடாது."

அத்தோடு காரியம் மளமளவென்று நடந்தது. மேலிடத்திலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் "முன்மாதிரி அலுவலகம்" விருதுக்காகப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் முன்னிலையில் ஊர் மாடுகளையெல்லாம் வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டுவது. இதற்குத் "தூய்மைக் குளியல் இயக்கம்" என்று பெயர். முதல் பசுவை ஐயாவே தம் கையால் தேய்த்துத் தொடங்கி வைப்பார். எந்தப் பசுவைப் பற்றிப் புகார் வந்ததோ அந்தப் பசுவே முதல் பசுவாக இருப்பதுதான் நியாயம் என்று ஐயா பெருந்தன்மையோடு சொன்னார்.

வீட்டில் அக்காள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"குளிப்பாட்டச் சொன்னாங்க."

"நீதானே ஈரமே படக்கூடாதுன்ன?"

"அது மழைச்சொறிக்கு."

"செவலைக்கு இருக்கிறது?"

"பருவகால அழுக்கு."

"எப்ப மாறிச்சு?"

"காலையில. கூட்டத்துல."

அக்காள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதைக் கேள்விப்பட்டிருக்கேன். தம்பியை வீட்டுல வச்சுக்கிட்டு டாக்டருக்கு அலையறது நான் ஒருத்திதான்."

"அக்கா, செவலையைத்தான் முதல்ல குளிப்பாட்டணும்னு ஐயா ஆசைப்படறாரு."

"அவருக்கு அவ்வளவு ஆசையா இருந்தா அவர் குளிக்கட்டும்."

"அக்கா, நிரந்தர ஆணை அவர் மேசை மேல இருக்கு. இப்பப் போய் முறைச்சுக்கிட்டா..." தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவைதானே. உடனே துடைச்சுக் காய வச்சிடலாம். நான் இருக்கேன்ல."

அடுப்படிக் கதவுக்கு எதிரே கொட்டகையில் பஞ்சு தாயின் விலாவில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் பஞ்சுத் துண்டு போல வெளுத்திருப்பதால் அந்தப் பெயர். அதன் வாயோரத்தில் புதிதாக ஒரு பொருக்கு வந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"உன் வேலைக்குப் பொருக்குக் கட்டிடக் கூடாதுன்னு என் மாட்டு முதுகைக் கேக்கற," என்றாள் அக்காள். "சரி, கூட்டிட்டுப் போ. சாப்பிடு, ஆறுது."

விழா நாளன்று நல்ல தூறல். விருந்தினர் நனையாமலிருக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். மாடுகள் நனைந்தன. அவை எப்படியும் குளிக்கத்தானே வந்திருக்கின்றன. ஊர் மாடெல்லாம் கயிறும் ஆளுமாக அலுவலக முற்றத்தில் வரிசை கட்டி நிற்க, நடுவில் ஒரு வாளி, வாளியில் தண்ணீர், தண்ணீரின் மேல் ஒரு புது பிரஷ். பிரஷ்ஷின் பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது.

டாக்டர் அன்று ஒரு வீரச் செயல் புரிந்தார். ரப்பர் கையுறை ஒரு ஜோடியைக் கொண்டுபோய் ஐயாவிடம் நீட்டினார்.

"பசு நம்ம குடும்பம் டாக்டர்," என்றார் ஐயா, புகைப்படக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பியபடி. "குடும்பத்தை யாராவது கையுறை போட்டுத் தொடுவாங்களா?"

சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கையில் பிரஷ்ஷும் இன்னொரு கை முதுகிலுமாகச் செவலையைத் தேய்த்தார். பொருக்கு முடியோடு பேர்ந்து வந்தது.

"பாத்தீங்களா, அழுக்கு எப்படிப் பேந்து வருது."

கைதட்டல் எழுந்தது. செவலை கழுத்தை முறுக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது.

"ஏன் கத்துது?" என்று கேட்டார் ஆய்வாளர் அம்மா.

"சந்தோஷம்மா," என்றது நிழல்.

பிறகு அதே பிரஷ் அடுத்த மாட்டுக்குப் போனது. அதற்கடுத்த மாட்டுக்கும் போனது. கறவை, மலடு, கொம்புள்ளது, மொட்டை என்று எந்தப் பாகுபாடும் பார்க்கப்படவில்லை. ஒரே வாளி, ஒரே தண்ணீர், ஒரே பிரஷ். சமத்துவத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவர்கள் உண்டு. அதை வரிசையில் நின்று முதுகில் வாங்கிக்கொண்டவை எங்கள் ஊர் மாடுகள்தான். ஆய்வாளர் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"டாக்டர், உங்க துறைக் கண்ணோட்டத்துல நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் வாயைத் திறந்தார். ஐயா அவரைப் பார்த்தார். நிழல் பார்த்தது. வரிசையின் ஓரத்தில், ஈரம் சொட்டச் சொட்ட நின்ற செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காளும் பார்த்தாள்.

"நல்ல ஏற்பாடுங்கம்மா," என்றார் டாக்டர்.

அக்காள் தன் முந்தானையால் செவலையின் முதுகை மூடிக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இயக்கத்தின் வெற்றி சீக்கிரமே தெரிந்தது. அதுவரை ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்திருந்த பருவகால அழுக்கு, இப்போது பாரபட்சமில்லாமல் எல்லா வீட்டுக்கும் கிடைத்தது. மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அழுக்கு கூடிவிட்டதால் குளியலையும் கூட்ட வேண்டும் என்று அறிவுரை சொல்லி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்க் குளிப்பாட்டினார்கள். அழுக்கு இன்னும் கூடியது. பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாடு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றார்கள். அக்காள் வீட்டு அடுப்பு ஒரு வேளை எரிந்தால் ஒரு வேளை ஓய்வெடுத்தது.

இந்த நேரத்தில் அலுவலகத்தில் ஒரு பேரிடி விழுந்தது. வாசல் பலகையில் வண்ணம் உரியத் தொடங்கியிருந்தது. "அற்ற" என்கிற சொல்லின் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பிப் பொருக்கு விட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் உதிர்ந்தால் "இது மழைச்சொறி வட்டாரம்" என்று ஆகிவிடும். ஐயா குடையோடு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வேதனையை அதுவரை யாரும் கண்டதில்லை.

"டாக்டர், இது ஏன் இப்படி ஆகுது?"

"ஈரம்தாங்கய்யா காரணம்," என்றார் டாக்டர். அவரையறியாமல் வார்த்தை கொட்டியது. "நனைஞ்சுக்கிட்டே இருந்தா உரியத்தான் செய்யும். இன்னும் நனைச்சா மோசமாயிடும். உரிஞ்சதைப் பதமாச் சுரண்டி எடுக்கணும். நல்லாக் காய விடணும். அப்புறம் சொட்டுத் தண்ணி படாம மூடி வைக்கணும்."

"பிரமாதம். உடனே செய்யுங்க."

மதியத்துக்குள் பலகை கழற்றி உள்ளே எடுத்துவரப்பட்டு, மின்விசிறிக்கு அடியில் காய்ந்து, சுரண்டி, புது வண்ணம் பூசி, மேலே தார்ப்பாய்க் கூரையோடு மறுபடி மாட்டப்பட்டுவிட்டது. நோயைச் சரியாகக் கண்டறிந்து, தயங்காமல் வைத்தியம் சொல்லி, அது அன்றைக்கே நிறைவேறியது டாக்டரின் பணிக்காலத்தில் முதல் முறை. நோயாளி பிழைத்துக்கொண்டது.

அன்று மாலை டாக்டர் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கட்டில் வாசற்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அறைக்குள் மின்விசிறி வேகமாகச் சுற்ற, காய்ந்த வைக்கோல் மேல் செவலை நின்றிருந்தது. முதுகெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. அதன் காலடியில் பஞ்சு படுத்திருந்தது. செவலை சுவரில் மாட்டியிருந்த டாக்டரின் பட்டச் சான்றிதழை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"என் ரூம்ல ஏன்க்கா..."

"காய வைக்கணும்னு சொன்னது யாரு?"

"நான் எங்க படுக்கறது?"

"கொட்டகை காலியாத்தானே இருக்கு. கொஞ்சம் ஒழுகும். ஈரம் நல்லதுன்னு உங்க ஐயா சொல்லியிருக்காரே."

டாக்டர் கொட்டகையில் படுத்தார். அவருக்கும் தாம் படுக்க வேண்டிய இடம் அதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும், எதிர்த்துப் பேசவில்லை.

செவலை மெல்லத் தாக்குப் பிடித்தது. பஞ்சு தாக்குப் பிடிக்கவில்லை. அதன் வாயைச் சுற்றிப் பொருக்கு இறுகிப்போய்க் காம்பைக் கவ்வ முடியாமல் போயிற்று. அக்காள் துணியைப் பாலில் நனைத்து வாயோரத்தில் பிழிந்து பார்த்தாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொருக்கை எண்ணெய் தடவி இளக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஊசி?" என்று அக்காள் கேட்பாள்.

"நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் அலுவலகத்தில் அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த முகத்தை டாக்டர் கேட்பார். அதுவும் நாளைக்குப் பார்க்கலாம் என்றே சொல்லும்.

ஒரு விடியலில் அக்காள் பால் துணியோடு போனபோது பஞ்சு எழுந்திருக்கவில்லை. செவலை அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. அக்காள் அழவில்லை. துணியைப் பிழிந்து உலர்த்தினாள். அவ்வளவுதான்.

டாக்டர் அரை நாள் தாமதமாக அலுவலகம் போனார். காரணம் சொன்னபோது நிழல் புருவத்தைச் சுருக்கியது.

"எதனால செத்துச்சுன்னு எழுதறது?"

டாக்டர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"உங்க வீட்டு மாட்டுக்கு இருந்தது பருவகால அழுக்கு. அழுக்கால யாரும் செத்ததா உலகத்துல எங்கேயும் இல்ல," என்றது நிழல் பரிவோடு. "அதனால உங்க கன்னுக்குட்டி சாகலை டாக்டர். மனசைத் தேத்திக்கோங்க."

இவ்வளவு நயமாகத் துக்கம் விசாரிக்க எல்லாருக்கும் வராது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஐயா டாக்டரைத் தம் அறைக்குத் தனியாக அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சன்னலையும் சாத்தச் சொன்னார். பிறகு வலது கையில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். செவலையின் முதுகைத் தேய்த்த கை. புறங்கையெல்லாம் கொப்புளம் வெடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது.

"இது என்ன டாக்டர்?"

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பருவகால அழுக்குங்கய்யா."

"நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன்."

"அதனாலதான் கூடியிருக்குங்கய்யா."

ஐயா அவரைக் கூர்ந்து பார்த்தார். டாக்டரின் முகத்தில் கிண்டலும் இல்லை, பயமும் இல்லை. பலகையின் பின்பக்கம் போல வெறுமையாக இருந்தது.

"நாம ரெண்டு பேருதான் இருக்கோம். கதவும் சாத்தியாச்சு," என்றார் ஐயா. "உண்மையான பேரைச் சொல்லுங்க."

"மழைச்சொறி."

அந்தச் சொல்லை டாக்டர் அலுவலகத்துக்குள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். கூரை இடிந்து விழவில்லை. சுவர்க் கடிகாரம் கூட நிற்கவில்லை. இவ்வளவு நாளாக இதற்கா பயந்தோம் என்று டாக்டருக்கே வியப்பாகப் போயிற்று.

"மருந்து?"

"மனுஷங்களுக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாதுங்கய்யா. ஈரம் படாம வச்சாலே ஆறிடும். எதுக்கும் ஒரு மனுஷ டாக்டரைப் பாத்துட்டா..."

"பாத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். நம்மகிட்டதான் அலமாரி நிறைய இருக்கே. எதுக்கு இருக்கு அது?"

மதியமே அவசரக் கூட்டம். இவ்வட்டாரத்தில் மழைச்சொறி ஒழிந்துவிட்டது என்ற முந்தைய தீர்மானம் அப்படியே உறுதி செய்யப்பட்டது. அதற்குப் பங்கம் வராமல், ஐயா ஒருவருக்கு மட்டும் அது "கௌரவ முறையில்" இருந்துகொள்ளலாம் என்று துணைத் தீர்மானம் நிறைவேறியது. மாடுகளுக்கு இருப்பது அழுக்காகவே தொடரும். முன்மொழிந்தது நிழல்.

நிழலே அரக்கை உடைத்து அலமாரியைத் திறந்தது. கதவு திரும்பியபோது கண்ணாடியிலிருந்து டாக்டரின் முகம் விலகிப்போய், அந்த இடத்தில் வரிசை வரிசையாகப் பாட்டில்கள் நின்றன.

"எவ்வளவு வேணும் டாக்டர்?"

டாக்டர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நோயாளி யாருன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "ஒரு சாதாரண மாட்டுக்குக் குடுக்கிற அளவைத்தான் இவருக்கும் குடுக்கணுமா?"

நிழல் வெளுத்தது. "ஐயாவையும் மாட்டையும் ஒண்ணா வைக்கலாமா?"

"அதைத்தான் கேக்கறேன்."

"ஊர் மாடெல்லாம் சேந்தாலும் ஐயாவுக்கு ஈடாகுமா டாக்டர்? மொத்தத்தையும் எடுத்துக்கோங்க. குறை வச்சோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

இப்படியாக டாக்டர் அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஐயாவின் கைக்குச் சுத்தமான துணியில் ஒரு கட்டும், தண்ணீரில் நனைக்கக் கூடாது என்ற கண்டிப்பும் கிடைத்தன. கை ஆறிவிட்டது. ஒரு அலமாரி மருந்தைத் தனி ஒருவராகத் தாங்கி எழுந்த மனிதர் என்று நிழல் இன்றைக்கும் மெய்சிலிர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மருந்தெல்லாம் போன இடம் ஊர்க் கொட்டகைகள். மாடுகளுக்கு நோய் இல்லாததால் அவை குணமானதும் யாருக்கும் தெரியவில்லை.

முதல் ஊசி செவலைக்கு. டாக்டருடைய அறையில், மின்விசிறிக்கு அடியில், அக்காள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் போட்டார். செவலை ஒரு தடவை சிலிர்த்துவிட்டு அடங்கியது. டாக்டருக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட வந்தது என்றே சொல்ல வேண்டும். அக்காள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஊசியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அக்காள்.

"அலமாரிலேருந்து."

"புதுசா வாங்கி வச்சாங்களா?"

"இல்ல. முதல்லேருந்தே இருக்கு."

"பஞ்சு இருந்தப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அக்காள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். "நீ எங்க இருந்த?"

டாக்டர் ஊசியைப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடினார். அதை மறுபடி திறந்து எதையோ சரிபார்த்து மறுபடி மூடினார்.

"அதுக்கு எதிர்ல," என்றார்.

மழை விட்டபோது அலுவலகத்துக்கு முன்மாதிரி விருது வந்தது. அந்த மகிழ்ச்சியில் ஐயா, ஆறிய கையாலேயே, டாக்டரின் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். உறையோடு அதை டாக்டர் அக்காளிடம் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள்.

"'எத்தகைய நெருக்கடி வந்தபோதும் தம் இருக்கையை விட்டு எழாமல் கடமையாற்றியவர் என்பதைப் பாராட்டி...'"

அங்கே நிறுத்தினாள். தாளை வந்த மடிப்பிலேயே மடித்து அவர் கையில் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க தம்பி. ஒரு வரி கூடப் பொய்யில்ல," என்றாள். "சட்டம் போட்டு உன் ரூம்லயே மாட்டு. பஞ்சு படுத்திருந்த இடத்துக்கு நேர் மேல."